அங்கீகரிக்கப்படாத கருவி

நாள் 212 — காலை 07:10

வடசமவெளிப் பனிக்கட்டி நிலையம், செவ்வாய். பதிவு செய்பவர்: பொன்ராக்கினி, கணினிப் பொறியாளர், சொந்த ஊர் தூத்துக்குடி. வெளியே மைனஸ் 81 டிகிரி. உள்ளே 19. ஆக்ஸிஜன் போதுமான அளவு. துளையிடும் வேலை நின்று 23 நாட்கள். பணியாளர் இருவர், நடமாட்டத்தில் ஒருவர்.

நடமாட்டத்தில் இல்லாதவன் இடும்பன். துளைப்பொறியாளன், பழனிக்குப் பக்கத்து ஆயக்குடிக்காரன். 23 நாட்களுக்கு முன் துளைக்கம்பி முறிந்து அவன் நெஞ்சில் அடித்தது. அதே வேகத்தில் மின்பெட்டியும் வெடித்து மாற்றுக் கணினி கருகியது. அவனால் தானாக நான்கைந்து நிமிடத்துக்கு மேல் மூச்சுவிட முடியாது. துளைப்பொறியின் காற்றழுத்தியைக் கழற்றி, இரண்டு வால்வு மாட்டி, அவனுக்கு மூச்சு பம்ப் செய்தேன். அதை ஓட்டும் நிரலும் நான் எழுதியதுதான். அழகாக இல்லை. ஓடுகிறது.

மிச்சமிருக்கும் ஒரே கணினி இன்றும் கேட்டது: ‘ஏழாம் பதிப்பு இயங்குதளம் தயார். இப்போது நிறுவலாமா?’ ‘பிறகு’ என்பதை அழுத்தினேன். இது 41வது முறை.

நாள் 213 — மாலை 15:40

பூமியிலிருந்து செய்தி. பேசியவர் கட்டுப்பாட்டு அறையின் கலியமூர்த்தி.

"ராக்கினி மேடம், ஏழாம் பதிப்பு ஒங்க நிலையத்துல மட்டும்தான் பாக்கி. மத்த எட்டுலயும் போட்டாச்சு. 217ஆம் நாள் காலைல பத்து மணிக்கு அதுவே ஏறிக்கும், நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பழசுல அறையோட சூடேத்தி திடீர்னு நின்னுபோற கோளாறு இருக்கு. தென்முனைல ரெண்டு பேர் அதுலதான் போனாங்க, ஒங்களுக்குத் தெரியாததா? அதோட, 225ல வர்ற மருத்துவக் கப்பல் எறங்கணும்னா ஏழாம் பதிப்போட வழிகாட்டி சிக்னல் வேணும். பழசு குடுக்கற சிக்னல் கப்பலுக்குப் புரியாது."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

நாள் 214 — காலை 11:25

ஏழாம் பதிப்பைச் சோதனை ஓட்டத்தில் போட்டுப் பார்த்தேன். முன்னெச்சரிக்கையாக முதலுதவிப் பெட்டியிலிருந்த, கையால் அழுத்தும் மூச்சுப் பையை இடும்பனின் முகமூடியில் மாட்டிக்கொண்டேன். ரப்பர் பலூன் போன்றது. அழுத்தினால் காற்று உள்ளே போகும்.

நாற்பதாவது நொடியில் பம்ப் நின்றது. திரையில் வந்தது: ‘அங்கீகரிக்கப்படாத கருவி 1. மின்சாரம் துண்டிக்கப்பட்டது. உங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் கடமை.’

ஒன்பது நிமிடம் கையால் அழுத்தினேன். பிறகு ஆறாம் பதிப்புக்குத் திரும்பினேன், பம்ப் ஓடியது. இடும்பன் படுக்கை மைக்கில் சொன்னதை அப்படியே பதிகிறேன்.

"அக்கா... புதுசு... நல்லா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்கு. உன்னை மட்டும் ஆருன்னு கேக்குது."

"ரேசன் கார்டு... கொண்டாரலைன்னு... சொல்லுங்க."

நாள் 214 — மாலை 16:05

சோதனையில் நடந்ததைச் சொல்லிப் பூமியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: கப்பல் வரும்வரை எட்டே நாள் தள்ளிப்போடுங்கள். வந்த பதில்:

"மேடம், அந்த பம்பைப் பதிவு பண்ண விண்ணப்பம் போடுங்க, நானே கையில எடுத்துட்டுப் போறேன். ஆனா தொண்ணூறு நாள் ஆகும். தேதியைத் தள்ள எனக்கு அதிகாரம் இல்ல. மேல கேட்டேன். ஒருத்தருக்காக ரெண்டு பேரையும் ஆபத்துல விட முடியாதுன்னு சொல்றாங்க. மன்னிச்சுக்கங்க."

நான் அனுப்பியது: "மேலே இருப்பவர்களிடம் சொல்லுங்கள். இங்கே இரண்டு பேர் இருக்கிறோம். என்னைக் காப்பாற்ற அவனைக் கணக்கிலிருந்து எடுக்கும் வேலை என்னிடம் நடக்காது. அவன் மூச்சு நிற்கும் கணினியில் நான் வேலை செய்யமாட்டேன்."

அனுப்பிய பிறகு கொஞ்சம் அழுதேன். அதையும் பதிகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

நாள் 216 — காலை 09:30

கண்டுபிடித்துவிட்டேன்! இத்தனை நாள் இது தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம்.

கல்லூரி விடுதியில் முப்பது நாள் இலவச மென்பொருளை மூன்று வருடம் ஓட்டிய கூட்டம் நாங்கள். கெடு நெருங்கும்போது கணினியின் தேதியைப் பின்னால் தள்ளுவோம். அதுவும் நம்பிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணும். என் வகுப்பில் இதைச் செய்யாத ஒருவரைக்கூட எனக்கு நினைவில்லை.

நிலையக் கடிகாரத்தை நூறு நாள் பின்னால் வைத்தேன். அறிவிப்பு மறைந்தது. 217 இனி நூற்றியொரு நாள் கழித்துத்தான் வரும். இடும்பன் கட்டைவிரலை உயர்த்தினான். இருவரும் பாயசப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தோம். அவனுக்கு இரண்டு கரண்டி.

நாள் 119 என்கிறது கணினி. உண்மையில் 219 — காலை 11:00

மூன்று நாட்களாகப் பூமியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று வீம்பாக இருந்தேன்.

இன்று காலைதான் உறைத்தது. பூமியோடு பேசும் டிஷ் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதைத் தேதியை வைத்துத்தான் கணினி கணக்கிடுகிறது. நூறு நாளுக்கு முன் பூமி இருந்த இடத்தைப் பார்த்து அது மூன்று நாட்களாக வெற்று வானத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது. இருபது வருட அனுபவமுள்ள பொறியாளர் செய்த வேலை இது. நெற்றியில் அடித்துக்கொண்டேன், வலித்தது.

தேதியைத் திருத்தினால் பூமி கிடைக்கும். திருத்திய நொடியே, கெடு தாண்டிவிட்டதென்று ஏழாம் பதிப்பு ஏறும். பம்ப் நிற்கும்.

திருத்தமாட்டேன். டிஷ்ஷைக் கையால் திருப்பச் சுழற்றுபிடி இருக்கிறது. ஆனால் பூமியைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். விடிவதற்கு முன் கிழக்கே அது நட்சத்திரமாகத் தெரியும். இப்போது வானம் முழுக்கத் தூசி.

உண்மையில் 221 — காலை 08:15

அறைச் சூடேற்றி நின்றது. கலியமூர்த்தி சொன்ன அதே கோளாறு. மீண்டும் ஓடவைக்க ஐம்பது நிமிடம் ஆனது. உள்ளே 3 டிகிரி. என் போர்வை, என் கோட்டு, உதிரி விண்ணுடை எல்லாவற்றையும் அவன்மேல் போட்டேன். அவன் உதடு நீலமாகிவிட்டது.

அவர்கள் சொன்னது சரி. ஆறாம் பதிப்பு எங்கள் இருவரையும் கொல்லக்கூடும். ஏழாம் பதிப்பு அவனை நிச்சயம் கொல்லும். எனக்கு இந்தக் கணக்கு போதும்.

உண்மையில் 224 — காலை 05:20

தூசி விலகியது. வெளியே போனேன். கிழக்கே நீலப் புள்ளியாகப் பூமி. பிடியைச் சுற்றிச் சுற்றி டிஷ்ஷை அதை நோக்கித் திருப்பினேன். ஹெல்மெட்டுக்குள் இரைச்சல் கேட்டது, பிறகு கலியமூர்த்தியின் குரல். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்.

"ராக்கினி மேடம், கேக்குதா? எட்டு நாளா கூப்புடறோம். ஒங்க வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டாங்க மேடம், ரெண்டு பேரும் இல்லன்னு. நான் நம்பல. கேட்டா ஒரு வார்த்தை பேசுங்க."

உயிரோடு இருப்பவர்களுக்குத் துக்கம் விசாரிக்க என்ன அவசரம் என்று கத்தினேன். அது அவருக்குப் போய்ச்சேர எப்படியும் பதினாலு நிமிடம் ஆகும். ஆனால் அதற்குள் இன்னொரு குரல் வந்தது, தாமதமில்லாமல், பக்கத்திலிருந்து. மருத்துவக் கப்பலை ஓட்டும் நூர்ஜமீலா.

"அக்கா, உசுரோடதான் இருக்கியளா! நான் காயல்பட்டணத்துப் புள்ள, நம்ம பக்கம்தான். நாளைக்கு மூணு மணிக்கு எறங்கணும். இன்னைக்கு ஒம்போதரைக்குள்ள ஏழாம் பதிப்பு சிக்னல் வந்தாத்தான் இந்தப் பொறி பாதைய திருத்தும். இல்லன்னா தெக்கப் பாத்து தென்முனைக்குப் போயிரும். கையால ஓட்ட எனக்குத் தெரியும், ஆனா பூட்டி வச்சிருக்காங்க. அடுத்த கப்பல் இருவத்தாறு மாசம் கழிச்சுதான்."

உண்மையில் 224 — காலை 05:50

படுக்கை மைக்கில் இடும்பன்:

"போட்ருங்கக்கா. ஏழையே... போட்ருங்க. எனக்காக... கப்பல விட்டுட்டு... நிக்காதீங்க."

"வாயை மூடுலே. மூச்சு வீணாப் போவுது."

இப்போது மணி ஆறாகப் போகிறது. கப்பல் நாளை மாலை மூன்றுக்கு. இடையில் 33 மணி நேரம்.

எட்டு நாளைக்குக் கையால் மூச்சுக் கொடுக்க யாராலும் முடியாது. 33 மணி நேரத்துக்கு முடியும். சோதனை ஓட்டத்தில் சிக்னல் போகாது, முழுதாக ஏற்றினால் ஆறாம் பதிப்பு அழிந்துவிடும். இயங்குதளத்தை மாற்றப் போகிறேன். அவர்கள் குறித்த நாளில் அல்ல, நான் குறித்த நேரத்தில். தேதியைத் திருத்துகிறேன்.

கை மணி 1

இது பராமரிப்பு நோட்டின் பின்பக்கம். கையால் மூச்சுக் கொடுக்கும் மணிகளை எண்ணுகிறேன். கணினி மாறிக்கொண்டிருப்பதால் பென்சிலால் எழுதுகிறேன். இடது கை மூச்சுப் பையில், வலது கை பென்சிலில். நிமிடத்துக்குப் பன்னிரண்டு அழுத்தல். ஒரு அழுத்தலுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று சொல் எழுதலாம்.

பம்ப் 06:01க்கு நின்றது. நன்றாக உழைத்தது.

கை மணி 4

09:05க்கு ஏழாம் பதிப்பு எழுந்தது. சிக்னல் போனது. நூர்ஜமீலா: "கெடச்சிருச்சுக்கா! பாதை திரும்பிருச்சு."

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், சூடேற்றி அருமையாக ஓடுகிறது. 21 டிகிரி, அசையவே இல்லை. திரை கேட்கிறது: ‘புதிய வசதிகளைச் சுற்றிக்காட்டலாமா?’

சின்ன மோட்டார் ஒன்றைப் பையோடு கட்டிப் பார்த்தேன். செருகிய உடனே மின்சாரத்தைத் துண்டித்தது. ‘அங்கீகரிக்கப்படாத கருவி 2.’ என் கையில் மின்சாரம் ஓடவில்லை. அதை அணைக்க அதற்கு வழி இல்லை.

கை மணி 10

கை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். இடது, வலது, முழங்கை, மறுபடி இடது. கலியமூர்த்தியிடமிருந்து செய்தி:

"மேடம், நாங்க ஆறு பேரும் இங்கயே ஒக்காந்திருக்கோம். யாரும் வீட்டுக்குப் போகல. நிமிசத்துக்குப் பன்னெண்டு தடவை நான் மேசையைத் தட்டறேன். அந்தச் சத்தத்தை அனுப்பிக்கிட்டே இருக்கேன், அதைக் கேட்டு அழுத்துங்க."

பதினாலு நிமிடப் பழைய சத்தம். ஆனாலும் தாளம் சரியாகத்தான் இருக்கிறது. நல்ல மனிதர். அவரைத் திட்டியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கை மணி 20

கண் சொக்கியது. இடும்பன் தன் விரலால் என் மணிக்கட்டில் தட்டி எழுப்பினான். மூச்சு இல்லாமல் எவ்வளவு நேரம் காத்திருந்தான் என்று தெரியவில்லை. சொல்ல மறுக்கிறான்.

திரை: ‘20 மணி நேரமாக நீங்கள் ஓய்வெடுக்கவில்லை. விளக்குகள் மங்கலாக்கப்படுகின்றன.’ மங்கலாக்கியும்விட்டது. கெட்ட வார்த்தைகளால் திட்டினேன். இடும்பன் முகமூடிக்குள் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு மூன்று அழுத்தல் கூடுதலாகச் செலவானது.

கை மணி 28

வலது கை விரல் விரியவில்லை. எழுத்து இப்படித்தான் வரும்.

அவன் இப்போது தட்டுவதில்லை. நாடி இருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, நான் ஏற்றினால்.

கை மணி 32

நூர்ஜமீலா: "அக்கா, எறங்குற எடத்துல தூசி. பொறிக்குத் தரை தெரியல. இப்ப எறங்குனா கவுந்துருவேன். இன்னும் ஏழு மணி நேரம் சுத்திட்டு வாரேன். தாங்குவியளா? அக்கா?"

"வாம்மா. நான் எங்கன போவப் போறேன்?"

அவளுக்குச் சொல்லியாயிற்று. அழுத்துவதைத் தவிர வேறு வேலை இல்லை.

கை மணி 36

மேசைச் சத்தம் நேற்று மாலை போலவே மறுபடி நின்றுவிட்டது. பூமி மறைந்துவிட்டது போலும். நானே எண்ணுகிறேன்

திரை கேட்கிறது. ‘அறையில் ஒருவர் மட்டும் இருப்பதாகத் தெரிகிறது. பணியாளர் பட்டியலைப் புதுப்பிக்கலாமா?’

இல்லை. இரண்டு பேர். இரண்டு

கை மணி, தெரியவில்லை

கதவைத் திறப்பவருக்கு.

வெளிக்கதவைப் பூட்டவில்லை. திரையில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். இடும்பன் உயிரோடு இருக்கிறான். நான் அசையாமல் இருந்தால் என்னை எழுப்ப வேண்டாம். நாடி பார்க்க வேண்டாம். அதற்கு நேரம் ஆகும்.

பை என் இடது கைக்குள் இருக்கிறது. நிமிடத்துக்குப் பன்னிரண்டு. விரல்களைப் பிரிக்க முடியாவிட்டால் கையோடு சேர்த்து அழுத்துங்கள்