உங்கள் பெயரில் ஒரு குடிநீர்க் கூடம்

அம்முணி, அம்முணி என்று வாய் நிறையக் கூப்பிட்ட என் அண்ணனுக்கு,

உங்கள் காலேஜில் உங்களுக்குக் கல் வைத்துவிட்டார்கள். ஹாஸ்டலுக்கும் கேன்டீனுக்கும் நடுவில், பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, உங்கள் நினைவாக ஒரு சுத்திகரிப்புக் குடிநீர்க் கூடம். கட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? குமரேசன். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, காலேஜுக்கு மேற்கே சாயப்பட்டறை போட்டாரே, அதே குமரேசன். கல்லில் 'உபயம்' என்று அவர் பெயர் தேங்காய் அளவு எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் பெயர். கண்ணாடி போட்டுத்தான் படித்தேன்.

வயிறு எரியாதா, அண்ணா?

பனியன் கம்பெனியில் வாரம் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் கிடப்பீர்கள். பழைய மாணவர் சங்கம், மரக்கன்று, ஹாஸ்டல் பையன்களுக்குக் கட்டில். கல்யாணப் பேச்சை எடுத்தாலே ஓடிவிடுவீர்கள். "இவன் அந்தக் காலேஜுக்கே தாலி கட்டிப்போட்டான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

ஹாஸ்டல் போர்வெல் தண்ணீர் நிறம் மாறியதை முதலில் பார்த்ததும் நீங்கள்தான். நீங்கள் வைத்த வேம்பெல்லாம் நுனி கருகின. பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் அரிப்பு. பட்டறைக் கழிவை ஓடையில் விடாதே என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்டீர்கள். அதற்குக் குமரேசன் என்ன சொன்னார்? "சொந்தமா ஒரு கம்பெனி வெக்கத் துப்பில்லாதவனுக்கு எம்மேல வயித்தெரிச்சலுங்க." எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்த கையோடு உங்களைச் சங்கத்தை விட்டும் நீக்கினார்கள்.

அன்றைக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "காலேஜ் கேட்டுக்குள்ளயே வர வேண்டாம்னுட்டாங்க, அம்முணி" என்றீர்கள். அந்த மழைக்காலம் தாண்டவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். டாக்டர் ஆயிரம் சொல்லட்டும், உங்களைக் கொன்றது எது என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஊரெல்லாம் சாயத்தண்ணீர் பேச்சு. கோர்ட்டு, கேஸு என்று பட்டறைக்காரர்கள் ஆடிப்போயிருக்கிறார்கள். அதனால்தான் குமரேசனுக்குத் திடீரென்று உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. தட்டில் வெற்றிலை பாக்கோடு பெருமாநல்லூரில் எங்கள் வீட்டுக்கே வந்து திறப்பு விழாவுக்கு அழைத்தார். எங்கள் அயர்னிங் யூனிட்டுக்கு வேலை கொடுப்பது அவருடைய மச்சான் கம்பெனி. என் வீட்டுக்காரர் காதோடு சொன்னார்: "போச்சாது, உடு புள்ள. பெரிய எடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு?"

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். "கண்டிப்பா வர்றனுங்க" என்றேன்.

திறப்பு விழாவன்று ஹாஸ்டலுக்குப் பின்னால் போய், பழைய போர்வெல் குழாயில் ஒரு சொம்பு பிடித்து வைத்துக்கொண்டேன். மேடையில் குமரேசன், "என்ற உசுருக்கு உசுரான நண்பன்" என்று கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றினார். பாவி! பிறகு குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.

"வந்தவிங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்கறதுதானுங்களே நம்ம பக்கத்து மொறை. எங்கண்ணன் இல்லீங்க. அவருக்குப் பதிலா நான் குடுக்கறனுங்க" என்று சொம்பை நீட்டினேன்.

நீட்டிய சொம்பை வாங்காமல் இருக்க நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியுமா? கை தன்னால் வந்து வாங்கிவிட்டது. அண்ணாந்து ஊற்றப் போனவர், அப்புறம்தான் உள்ளே பார்த்தார். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"மிசின் தண்ணி இல்லீங்க" என்றேன் மைக்கில். "உங்க பட்டறைக்குக் கெழக்கால இருக்கற ஹாஸ்டல் போர்த் தண்ணிங்க. புள்ளைங்க இதுலதான் குளிக்கறாங்க. எங்கண்ணன் ஊட்டுத் தண்ணின்னு நெனச்சுக் குடிங்க."

முன்வரிசையில் அவருடைய பங்காளிகள், சம்பந்திகள், அத்தனை பேரும். வேர்த்துக் கொட்டியது மனுஷனுக்கு. சொம்பை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டார்.

கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தால் நம் பக்கம் என்ன அர்த்தம்? உறவு அற்றது, இனிப் பகை. கூட்டத்தில் ஒரு பெரியவர் "அடக் கெரகமே!" என்றார். அண்ணா, எனக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது.

மறுநாளே எங்கள் யூனிட்டுக்கு வேலை நின்றுபோனது. அயர்ன் பாக்ஸெல்லாம் ஆறிக் கிடக்கின்றன. வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பழி தீர்த்தால் மனசு ஆறும் என்பார்களே, எனக்கு ஏன் ஆறவில்லை?

நேற்று உச்சி வெயிலில் குமரேசன் தனியாக வந்தார். மகளுக்குப் பெரிய இடம் கூடி வந்திருக்கிறதாம். "செத்தவன் ஊட்டுத் தண்ணியக் கீழ வெச்சவிங்களாச்சே" என்று மாப்பிள்ளை வீட்டார் இழுக்கிறார்களாம்.

"நடந்தது நடந்துபோச்சு, அம்முணி. ஒரு சொம்பு தண்ணி குடு, குடிச்சுப்போட்டுப் போறேன். உங்களுக்கும் வேலை தானா வரும்" என்றார்.

என் வீட்டுக்காரர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினார். தாகமென்று வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்பது ஏழு ஜென்மத்துக்கும் பாவம் என்று அம்மா சொல்லித்தானே நம்மை வளர்த்தாள்?

"பட்டறைத் தண்ணிய ஓடைல உடறத நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற, அம்முணி."

"அப்படீங்களா? ஊட்டுல தண்ணி இல்லீங்க" என்றேன்.

அடுப்படியில் குடம் ததும்ப இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு எழுந்து போனார்.

நீங்களாக இருந்தால் கொடுத்திருப்பீர்கள், இல்லையா? தெரியும். நீங்கள் நல்லவர். உங்களை நல்லவராகவே வைத்துத்தான் அவர்கள் சாகடித்தார்கள்.

இது சத்தியம், அண்ணா. அந்தச் சாயம் ஓடையில் ஓடுகிறவரைக்கும், என் யூனிட்டே பூட்டிப் போனாலும், அந்த ஆள் சாகக் கிடந்து கேட்டாலும், இந்தக் கையால் ஒரு சொட்டு ஊற்ற மாட்டேன். பாவம் வந்தால் வரட்டும்.

உங்களுக்குப் பின் பிறந்து, உங்களைப் போல் நல்லவளாக இருக்க மாட்டாத,
தங்கச்சி