ஈ-நாலு என்று காட்டியது, விஜி

என் விஜிக்கு,

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில், கடிதம் எழுதுகிற தூரத்துக்கு நீ போனதே இல்லை. பவானியைப் பெற உன் அம்மா வீட்டுக்குப் போனபோதுகூட ஆவடியில்தான் இருந்தாய். ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளை மிதித்து வந்துவிடுவேன். இப்போதுதான் எழுதவேண்டி வந்திருக்கிறது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, சேதியைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பவானிக்கு இது எட்டாவது மாதம். நீ கண்ணை மூடி இரண்டு மாதம் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்தது. முத்தாபுதுப்பேட்டையில் அவள் மாமியார் வீட்டிலேயே வளைகாப்பு போட்டார்கள். உன் இடத்தில் நம் கீழ்வீட்டு ஷகிலா நின்று அவள் கன்னத்தில் சந்தனம் பூசினாள். நான் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் சம்பந்தியம்மா என்னிடம் வந்தார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க பொம்பள ஆளு இல்ல. பிரசவம் ஆகுற வரைக்கும் பவானி இங்கயே இருக்கட்டுமே" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் பவானி என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூட வாசலில் என்னைத் தேடி நிற்பாளே, அந்தப் பார்வை. "நான் பாத்துக்கறேன். அடுத்த மாசம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

ரசம் வைக்க ஷகிலா சொல்லிக்கொடுத்தாள். உன் அறையைக் காலி செய்து கட்டிலை ஜன்னலோரமாகத் திருப்பிப் போட்டேன். பிறகு ஒரு காலையில் திரைச்சீலை, போர்வை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு பின்கட்டு பால்கனிக்குப் போய் துவைக்கிற மெஷினைத் திறந்தேன். நீ போனதிலிருந்து அதை நான் ஓட்டவே இல்லை. என் இரண்டு சட்டையைக் கையாலேயே அலசிப் போட்டுக்கொண்டிருந்தேன். பச்சைக் குழந்தை வரப்போகிற வீட்டில் அது நடக்குமா?

துவைத்தது, தண்ணீரை வெளியே விட்டது, எல்லாம் சரிதான். பிழிவதற்குச் சுற்ற ஆரம்பித்ததும் தடதடவென்று சுவரில் மோதியது. தானே நின்று, மறுபடி தண்ணீர் பிடித்து, மறுபடி சுற்றி, மறுபடி மோதியது. கடைசியில் கீகீ என்று கத்திக்கொண்டு ஈ-நாலு என்று காட்டியது.

மெஷினோடு வந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது, பரப்பி வையுங்கள் என்று போட்டிருந்தது. பரப்பி வைத்தேன், ஈ-நாலு. பாதித் துணியை வெளியே எடுத்தேன், ஈ-நாலு. இரண்டே இரண்டு துண்டை எதிரெதிராகப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் ஈ-நாலு.

அம்பத்தூரில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். என்னால் முடியாமல் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "டிரம்ம தாங்குற கம்பி நாலும் தளந்துபோச்சு சார், அதான் ஆடுது" என்று புதுசு மாட்டிவிட்டுப் போனார். அவர் இருந்தபோது ஓடியது. வெறும் டிரம் ஓடியது. மறுநாள் போர்வையைப் போட்டதும் பழைய கதைதான்.

பவானியைக் கூட்டிவர ஐந்து நாள் இருந்தது. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, நீங்கள் சொன்னதே சரி, அவள் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஒரு துவைக்கிற மெஷினுக்காகவா என்று நீ கேட்பாய். மெஷினுக்காக இல்லை. நீ தொட்டால் ஓடுவது எல்லாம் நான் தொட்டால் நின்றுபோகிறதே என்று இருந்தது.

அப்போதுதான் ஷகிலா மாடிக்கு வந்தாள். தைத்துக்கொண்டிருந்தவள், கழுத்தில் அளவு டேப்போடு அப்படியே வந்திருந்தாள்.

"இன்னாண்ணே, மூணு நாளா மிஷினு கத்திகினே கீது?"

"பிழியற நேரத்துல நின்னுடுதும்மா. கம்பிகூட மாத்திட்டேன்."

"நீங்க புடிக்கல போல."

"எத?"

"மிஷின! அக்கா ரெண்டு கையும் மேல வச்சி அமுக்கிகினு நிப்பாங்களே. அது சுத்தி முடிக்கிற வரைக்கும் நவுரமாட்டாங்க. துணி காயப் போட வரச்சொல்லோ எத்தினி வாட்டி பாத்துகீறேன். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது, விஜி.

நீ அங்கே நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கூடத்திலிருந்து பார்த்தால் உன் முதுகு மட்டும் தெரியும். ஏதோ யோசனையில் நிற்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் "என்ன அங்க வேடிக்க?" என்றுகூடக் கேட்டிருக்கிறேன். நீ திரும்பாமலே சிரித்தாய்.

ஷகிலா போன பிறகு பரணிலிருந்து என் பழைய கருவிப் பெட்டியை இறக்கினேன். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்து மெஷின் மூடியின்மேல் வைத்தேன். குமிழி நடுவில் நிற்கவே இல்லை, ஒரே ஓட்டமாகச் சுவர்ப் பக்கம் ஓடியது. அந்தப் பால்கனியில் தண்ணீர் தேங்கக்கூடாது, வாட்டம் நன்றாக வை என்று கொத்தனாரிடம் பக்கத்தில் நின்று சொன்னவன் நான்தான். அந்த வாட்டத்தின்மேல் உன் மெஷினைக் கொண்டுபோய் வைத்தவனும் நான்தான். நாலு காலில் ஒன்று தரையிலேயே படவில்லை.

தொழிற்சாலையில் எனக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். புது மெஷின் வந்து இறங்கினால் மட்டம் பார்த்து நிறுத்துவதுதான் வேலை. ஒரு தலைமுடி அளவு சாய்ந்திருந்தாலும் விடமாட்டேன். கோதண்டம் கை வைத்தால் அசையாது என்று சொல்வார்கள், அதை உன்னிடம் எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருப்பேன்!

அடியில் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி, கால் நட்டைத் தளர்த்தி, ஒவ்வொரு காலாகத் திருகினேன். குமிழி நடுவுக்கு வந்து நின்றதும் நட்டை இறுக்கினேன். எல்லாப் போர்வையையும் உள்ளே போட்டு ஓடவிட்டேன். பிழிகிற நேரம் வந்ததும் என்னையறியாமல் கை நீண்டது. இழுத்துக்கொண்டேன். மெஷின் சுற்றியது, வேகம் எடுத்தது, சுவரில் படவில்லை. தானே சுற்றி முடித்துத் தானே நின்றது.

முக்கால் மணி நேர வேலை, விஜி. முக்கால் மணி நேரம்தான். மூடியைத் திறக்க மனசு வராமல் பால்கனிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உன் தோள்வலிக்காகப் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் உன்னை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனேனே. "கனமா ஏதாவது தூக்குறீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க" என்று சொன்னாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அந்த வலி இதனால்தானா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. நீயாவது நினைத்துப் பார்த்தாயா? நினைத்துத்தான் இல்லை என்று சொன்னாயா?

பவானியைக் கூட்டிவந்துவிட்டேன். வந்த அன்றே சொன்னேன், மெஷினுக்கு மட்டம் பார்த்துவிட்டேன் என்று. அவள் சொன்னாள்:

"மெஷின் ஆடுதுன்னு அம்மா உங்ககிட்ட சொன்னாங்கப்பா. எனக்குத் தெரிஞ்சே மூணு தடவ. ஞாயித்துக்கெழம பாக்கலாம்னு சொன்னீங்க. அப்புறம் அவங்க சொல்றத விட்டுட்டாங்க. காலேஜ் லீவுல நானும் புடிச்சிருக்கேன்."

"நீயாவது எனக்கு ஞாபகப்படுத்தியிருக்கலாமே."

"அப்பா ஆறு நாள் மெஷினோட மல்லுக்கட்றாரு, ஏழாவது நாளும் எதுக்குன்னு அம்மாதான் வேணாம்னாங்க."

மறுநாள் காலையில் அவளுக்குப் பால் ஆற்றிக்கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "இந்த வீட்டுல எனக்குத் தெரியாம இன்னும் என்னல்லாம் இருக்கு? சொல்லு, எழுதிக்கறேன்."

சொல்லிக்கொண்டே போனாள், விஜி. சமையலறைக் குழாயைத் துணி சுற்றித் திருகினால்தான் நிற்குமாம். பின்கதவுத் தாழ்ப்பாளை ஒரு விரல் தூக்கிப் போடவேண்டுமாம். பீரோ இழுப்பறையை நீ முட்டியால் இடித்து மூடுவாயாம். மாடிப்படியில் மூன்றாவது படி மற்றவற்றைவிட உயரம், வருகிற ஆளுக்கெல்லாம் "பாத்து, பாத்து" என்று சொல்வாயே, உபசாரம் என்றுதானே நினைத்தேன்? இந்த வீட்டை நான் கட்டினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஓடாத இடத்திலெல்லாம் நீ உன் கையைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறாய்.

குழாயும் தாழ்ப்பாளும் முடிந்துவிட்டன. இழுப்பறையை நேற்று சீவி மாட்டினேன். படிக்குக் கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல பவானி தயங்கினாள். "இது ரிப்பேர் இல்லப்பா, விடுங்க" என்றாள். நான் விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "நீங்க டிவி பாக்குறப்போ கூப்பிட்டா திரும்ப மாட்டீங்க. அம்மா ரெண்டு தடவ கூப்பிட்டுப் பாத்துட்டு, தானே போய் அந்த வேலய செஞ்சுடுவாங்க."

அதையும் எழுதிக்கொண்டேன். அதற்கு எந்த ஸ்பேனரும் சேராது. ஆனால் செய்துவிடுகிறேன், விஜி. பவானி கூப்பிட்டால், நாளைக்கு அவள் குழந்தை கூப்பிட்டால், முதல் குரலுக்கே எழுந்து போகிறேன். கூப்பிடுவது நீயாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் போவேன், ஆனாலும் போவேன்.

உன் வீட்டுக்காரன்,
பவானியின் அப்பா
கோதண்டம்
பாரிவாக்கம்