இடப்பக்கம் யாருமில்லை

செப்டம்பர் 3, புதன்

பதினோராம் இடம்! கம்பியூட்டர் கார் ரேஸில் இருபத்தி நாலு பேரில் பதினோராம் இடம். பெண்சாதி நஸ்மியாவிடம் சொன்னேன். "அப்ப பத்துப் பேர் உங்களுக்கு முன்னால போயிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். இந்தப் பொம்பளைக்கு ஒன்றும் விளங்காது. போன வருஷம் முழுக்க நான் கடைசி ஆளாக வந்து சேரவே உயிர் போனது.

காலையில் வேனில் பிள்ளைகளை மாத்தளைப் பள்ளிக்கூடங்களில் இறக்கிவிட்டு உக்குவளைக்குத் திரும்பினால், பள்ளி விடும் வரைக்கும் எனக்கு வேலை இல்லை. மற்ற வேன்காரர்கள் கரம்போர்ட் அடிக்கிறார்கள். நான் சிம்மில், என் ரேஸ் சீட்டில், உட்காருகிறேன். ரமணன் தன் கம்பியூட்டர் கடையில் கழித்துப்போட்ட மூன்று திரை, யாரோ விட்டுப்போன ஸ்டியரிங், என் மச்சினன் அன்ஸாப் ஒட்டிக் கொடுத்த இரும்புச் சட்டம். நடுத்திரையில் றோட்டு, இரண்டு பக்கத்திலும் ஜன்னல். நாற்பத்தியேழு வயசில் இது என்ன விளையாட்டு என்று அன்ஸாப் கேட்கிறான். கேட்கட்டும். கொரியாக்காரன், மலேசியாக்காரன், பெங்களூர்க்காரன் எல்லாரோடும் ஒரே றோட்டில் ஓடுகிறேன். அவனால் முடியுமா?

வேகம் எனக்கு வராது, அது தெரிந்ததுதான். ஆனால் நான் யாரையும் இடிக்க மாட்டேன். அதுதான் என் பெருமை. புள்ளைகளை ஏற்றிப் பழகின கை.

செப்டம்பர் 8, திங்கள்

ரமணன் வயசில் எனக்குச் சின்னவன், அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான், ஆனால் ஓட்டத்தில் பெரியவன். இன்றைக்கு ஹெட்போனில் பாடம் எடுத்தான்.

நம் காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார் வந்தால் திரையில் ஒரு சிவப்புக் கோடு விழும். ரேடார் என்று சொல்வார்கள். "அத ஆஃப் பண்ணுங்க ஜிப்ரி நானா. அது இருக்கற வரைக்கும் உங்க கண்ணு சோம்பேறியாத்தான் இருக்கும். கோட்டைப் பார்த்து ஓட்டுறவன் கடைசி வரைக்கும் நடுவுலதான்."

ஆஃப் பண்ணிவிட்டேன். திரை சுத்தமாக இருக்கிறது. ஒரு சுற்று ஓடினேன், என் வாழ்க்கையிலேயே நல்ல லாப். சந்தோஷத்தில் பகல் சோற்றை மறந்தே போனேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆத்திரமாக வருகிறது.

லீக் ரேஸ். ஒன்பதாவதாகப் போய்க்கொண்டிருக்கிறேன் – ஒன்பது! – இடது வளைவுக்குத் திரும்புகிறேன், ஒரு மலேசியாக்காரன் வானத்திலிருந்து விழுந்த மாதிரி என் இடது கதவில். ரெண்டு பேரும் மண்ணுக்குள்ள. அவன் என்னவோ எழுதித் திட்டினான். என் பிழையா? எங்கிருந்து வந்தாய்டா நீ?

முறைப்பாடு போட்டுவிட்டேன். ரீப்ளே பார்த்து லீக் நடுவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். விட மாட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்றைக்கும் ஒருவன். அதே மாதிரி. இந்தக் காலத்துப் பொடியன்களுக்கு மரியாதையே கிடையாது.

செப்டம்பர் 18, வியாழன்

நஸ்மியா அக்குறணைக்குப் போய்விட்டாள். அவள் தங்கச்சி அபீபாவுக்குப் பிரசவம். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகுமாம். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க அவள்தான் முன் சீட்டில் வருவாள். "ஆள் ஒண்ணு பாத்து வெச்சிக்கங்க" என்றாள். எதற்கு? கொஞ்ச நாள்தானே.

உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. அவள் இருந்தால் வாய் ஓயாது. ஆட்டோ வருது, சைக்கிள் வருது, அந்தக் கிழவன் றோட்டுக்கு எறங்குறான். எனக்குக் கண் இல்லையா என்று எத்தனை தரம் ஏசியிருக்கிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் போகும் அவசரம். உக்குவளை ஸ்டேஷன் பக்கம் இடப்பக்கச் சைட் கண்ணாடி ஒரு தூணில் அடித்து உடைந்தது. வேனில் பிள்ளைகள் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். தூணை யாரோ புதிதாக நட்டிருக்கிறார்கள்.

இல்லை. பின்னேரம் போய்ப் பார்த்தேன். பழைய தூண். பாசி பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

தீர்ப்பு வந்தது. பிழை என்னுடையதாம். அடுத்த ரேஸில் கடைசியிலிருந்து தொடங்க வேண்டுமாம். "அவர் நேர்ப்பாதை முழுவதும் உங்கள் இடப்பக்கத்திலேயே இருந்தார். உங்கள் இருக்கையிலிருந்து ரீப்ளேயைப் பாருங்கள்."

பார்த்தேன். தலையைத் திருப்பி இடது திரையை நேராகப் பார்த்தேன். மஞ்சள் கார். நேர்ப்பாதை தொடங்கியதிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஜன்னலை அடைத்துக்கொண்டு, கை நீட்டினால் தொடலாம் போல.

அன்றைக்கு நான் பார்க்கவில்லையா? பார்த்தேன். அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. இருட்டு என்றால் இருட்டு என்று சொல்லலாம். இருட்டும் இல்லை. வெறும் றோட்டும் புல்லும்தான்.

செவ்வாய்க்கிழமை ரீப்ளேயையும் போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

எழுத்து கோணலாப் போகுது.

றிப்கா. முதலாம் வகுப்புப் புள்ள, வரக்காமுறையில கடைசியா எறங்குறவ. எறங்கினா, கதவ சாத்தினா, சத்தம் கேட்டுச்சு. இடப்பக்கம் பார்த்தேன், யாருமில்ல. கியரைப் போட்டு எடுத்தேன். அவட உம்மா கத்தின கத்து!

புள்ள வேனுக்கு முன்னால, இடது மூலையில குனிஞ்சு நின்னிருக்கா. தண்ணிப் போத்தல் விழுந்திருக்கு, அத எடுக்க. பம்பர் அவ புத்தகப் பைல பட்டிருக்கு. பைல மட்டும். யா அல்லாஹ், பைல மட்டும்.

நான் என்ன செய்தேன்? இறங்கி அந்த உம்மாவை ஏசினேன். "புள்ளைய ஒழுங்காப் புடிச்சிக்கத் தெரியாதா?" என்று றோட்டில் நின்று கத்தினேன். அவ அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டா. என்னிடம் அவ மன்னிப்புக் கேட்டா.

நான் இடப்பக்கம் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து ரமணனைக் கூப்பிட்டேன். ரேஸ் இல்லை, ஒரு சின்ன வேலை என்றேன். வெறும் ட்ராக்கில் என் காரை நிறுத்திக்கொண்டேன். "பின்னாலிருந்து மெதுவா என் இடப்பக்கமா வா. நான் தலையத் திருப்ப மாட்டேன். தெரியும்போது சொல்றேன்."

"என்ன நானா, புது விளையாட்டா? சரி, வாறேன். தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"வாவேன்டா."

பிறகு, "நானா, நான் உங்க கதவுக்கு நேரா நிக்கிறேன். வந்து ரொம்ப நேரம்."

தலையைத் திருப்பினேன். நீலக் கார்.

"அந்தத் திரை போயிருச்சு போல. கடைக்குக் கொண்டாங்க, மாத்தித் தாறேன்" என்றான். நல்ல பொடியன். சரி என்றேன். வலப்பக்கமாக வரச் சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது.

செப்டம்பர் 29, திங்கள்

மாத்தளை ஆஸ்பத்திரி, கண் கிளினிக். பத்து மணிக்கு முன்னால் போயும் நீட்டு வரிசை.

ஒரு பெட்டிக்குள் தாடையை வைக்கச் சொன்னார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். கொஞ்சம் அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். மெஷின் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "இல்ல ஐயா, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்றா நர்ஸ்.

டொக்டர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. ரெண்டு கண்ணிலும். இடது கண் மோசம். வலி இருக்காது, அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. காணாமல் போன இடத்தை மூளை பக்கத்தில் உள்ளதை வைத்து நிரப்பிவிடும். போனது போனதுதான், திரும்பாது. துளி மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம்.

"என்ன தொழில்?" என்று கேட்டார். வியாபாரம் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. பகலுக்கு அதில்தான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நஸ்மியா வந்துவிட்டாள். அபீபாவுக்கு ஆண் பிள்ளை. கிளினிக் போனதை நேற்றே போனில் சொல்லியிருந்தேன், டொக்டர் என்ன சொன்னார் என்றாள். கண்ணாடி போடச் சொன்னார் என்றேன்.

டிசம்பர் லீவு வரைக்கும் ஓட்டினால் என்ன? அவள் முன் சீட்டில் இருப்பாள்தானே. அவள் வாய் ஓயாது. வேனை விட்டால் நான் யார்? இருபது வருஷமாக இந்த றோட்டில் வேன் அங்கிள் என்றால் நான்தான். வேறு ஒரு வேலையும் எனக்குத் தெரியாது.

அக்டோபர் 1, புதன்

சிறுவர் தினம். பள்ளியில் எல்லாருக்கும் பலூன் கொடுத்திருக்கிறார்கள். வேன் நிறைய பலூன், பாட்டு, கூத்து.

வரும் வழி முழுக்க நஸ்மியா சொல்லிக்கொண்டே வந்தாள். பைக். நாய். அந்த ஆட்டோ. நான் ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் இருந்தது. அவள் சொல்லுமுன் ஒன்றாவது எனக்குத் தெரிந்ததா? ஒன்றும் இல்லை. இத்தனை நாளும் ஓட்டினது அவள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பலூன் வெடித்தது. யாரையோ இடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வேனை ஓரங்கட்டிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "அங்கிள் பயந்துட்டார்!" றிப்காதான் முதலில் சிரித்தவள்.

மறுபடியும் எடுக்கக் கை வரவில்லை. அன்ஸாபுக்குக் கோல் பண்ணி வரச் சொன்னேன். வயிற்று வலி என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். றிப்காவையும்.

நஸ்மியா முதலில் டீக் கோப்பையைக் காட்டினாள். "நோன்புக்குப் பொறகு ரெண்டு கோப்பைய இடது கையால தட்டி ஒடச்சீங்க. அதுலருந்து வலப்பக்கம்தான் வைக்கிறேன். கவனம் இல்லாத மனுசன்னு நெனச்சேன்." பிறகுதான் வெடித்தாள். "தெரிஞ்சுக்கிட்டு ரெண்டு நாள் ஓட்டினீங்களா? அந்தப் புள்ளைகள வெச்சுக்கிட்டு? நம்ம புள்ளன்னா ஓட்டுவீங்களா?"

அவள் சாவியை எடுத்து உடுப்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அப்படியே கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

அக்டோபர் 4, சனி

றிப்காவின் வீட்டுக்குப் போனோம். அவட உம்மாவிடம் என் பிழை என்று சொன்னேன். அவ டீ கொடுத்தா. ஆனால் நாங்கள் இருந்த நேரம் முழுக்கப் பிள்ளையின் கையை விடவே இல்லை.

இனிமேல் வேன் அன்ஸாபுக்கு. நஸ்மியா முன் சீட்டில்.

அக்டோபர் 10, வெள்ளி

பதினாலாம் இடம். ரேடாரை மறுபடி போட்டுக்கொண்டேன். சிவப்புக் கோடு விழும்போதெல்லாம் வழி விட்டேன். யாரையும் இடிக்கவில்லை. ரமணன் எல்லாம் கேள்விப்பட்டுவிட்டான். ரேஸ் முடியும் வரைக்கும் எனக்குப் பின்னாலேயே வந்தான், முந்தவே இல்லை. போடா முன்னால என்று ஏசினேன்.

கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 13, திங்கள்

காலையில் சந்திக்குப் போனேன். பிள்ளைகள் போவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. மர ஆலை இரைந்துகொண்டிருந்தது, அதற்கு முன்னால் நின்றேன். நான் ஓட்டும்போது எப்போதும் கண்டிப் பக்கத்தால்தான் வருவேன். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். பஸ் போனது, லொறி போனது, வேன் வரவில்லை. பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஆகிவிட்டது. வேனை எடுத்து ஒரு வாரத்திலேயே பிந்துகிறானே, பெற்றோருக்கு நான் என்ன பதில் சொல்வது என்று அன்ஸாப்மேல் கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

பின்னேரம், நஸ்மியா இன்னும் மாத்தளையிலிருந்து வராத நேரம், அவனே வந்தான். உட்காரவில்லை.

"கோவமா மச்சான்?"

"பிந்தினா கோவம் வராதா?"

"நான் பிந்தல. அந்தச் சின்ன ஒழுங்கையால வந்தேன், அந்த வழி கிட்ட. உங்களக் கண்டுட்டு, புள்ளைகள் கை காட்டட்டும்னு உங்களுக்குப் பக்கத்துல வேன நிப்பாட்டினேன். எல்லாம் ஜன்னலால தலைய நீட்டிக் கத்துதுகள். றிப்கா எறங்கி ஓடி வரப் பாத்தா, நஸ்மியா லாத்தா புடிச்சிட்டாங்க. நீங்க திரும்பவே இல்ல."

"எந்தப் பக்கம் நிப்பாட்டின?"

அவன் என் இடது தோளைப் பார்த்தான்.

கோபம் ஒன்றும் இல்லை என்றேன். புள்ளைகளிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். நாளைக்கும் நிற்கிறேன், எந்தப் பக்கத்தால் வருவாய் என்று சொல்லிவிட்டுப் போ என்றேன்.