எங்கள் கதவை மட்டும் விட்டுவிட்டீர்கள்

அண்ணா,

காலையிலிருந்து வீட்டில் டர்பன்டைன் வாடை. கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருக்கிறது. நேற்று உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததாக நம்மூர் மாரண்டஹள்ளியிலிருந்து சொன்னார்கள். நான் வரவில்லை. அழவும் இல்லை. இந்த வாடை மூக்கில் ஏறியதும்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது. இனி உங்களால் பேச்சை மாற்ற முடியாது, பாருங்கள்.

ஊரில் எங்கள் எதிர் வீடு உங்களுடையது. கடைகளுக்குப் போர்டு எழுதுவது உங்கள் தொழில். சாயங்காலமானால் மாத இதழுக்குப் பேய்க் கதை எழுதுவீர்கள். முதலில் படிக்கிறவள் நான். அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. எண்பதுகளில் எங்கள் தெருவில் சீமைப் பேயைப் பற்றித் தெரிந்த ஒரே பெண் நானாகத்தான் இருந்திருப்பேன். பெட்டிக்குள் பகலெல்லாம் தூங்கும், கண்ணாடியில் அதன் உருவம் விழாது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, நான் நம்மூர் ரத்தக் காட்டேரிக்காக வரிந்துகட்டிக்கொண்டு நிற்பேன். பிள்ளை பெற்ற வீடாகப் பார்த்து வருவாள், வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவாள் என்பேன்.

"அதுக்கு நாகரிகம் பத்தாதும்மா. சீமைப் பேயி வூட்டுக்காரங்க வாங்கன்னு கூப்பிடாம வாசப்படி தாண்டாது" என்று சிரிப்பீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆண் குழந்தை. உதிரப்போக்கில் அவள் உடம்பு வெளுத்துவிட்டது. வெயிலைப் பார்த்தால் கண் கூசும் என்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பாள். காலையில் தலையணையில் ரத்தம் இருக்கும், ஈறிலிருந்து வடிந்தது. அம்மா அந்த உறையை யார் கண்ணிலும் படாமல் அலசிக் காயப்போடுவாள். உங்களிடம் மட்டும் சொன்னேன். வேலையாக அடிக்கடி தர்மபுரிக்குப் போகிறவர், நல்ல டாக்டராக விசாரித்துச் சொல்வீர்கள் என்று நம்பினேன். நீங்கள் வீட்டுக்கே வந்தீர்கள். வாசலில் கொஞ்சம் தயங்கினீர்கள். காபி கொடுத்தேன், அக்கா படுத்திருந்த அறையைக் காட்டினேன். அவள் இடது புருவத்துத் தழும்பு எப்படி வந்தது என்றுகூட விசாரித்தீர்கள். எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாத இதழ் பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கியது. உங்கள் கதையில் பிள்ளை பெற்ற ஒருத்தி இருட்டறையிலேயே கிடக்கிறாள். விடிந்தால் அவள் தலையணையில் ரத்தம், ராத்திரி ஊருக்குள் போய்க் குடித்தது. ஊர்ப் பேரை மாற்றியிருந்தீர்கள். புருவத்துத் தழும்பை மாற்றவில்லை. தெருவில் படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். அந்த வாரமே பின் தெருவில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. போதாதா?

கதவில் "நாளெ பா" என்று எழுதி வைக்க வேண்டும் என்று கன்னடம் பேசும் வீடுகளில்தான் முதலில் சொன்னார்கள். நாளைக்கு வா என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் காட்டேரி திரும்பிவிடுமாம். மறுநாள் வந்தாலும் அதையேதான் படிக்குமாம். பிரஷ் பிடிக்கத் தெரிந்தவர் நீங்கள்தானே. வீடு வீடாகப் போய் எழுதினீர்கள், கடைப் போர்டு மாதிரி, வெள்ளை எழுத்துக்குச் சிவப்பு ஓரம் வைத்து. எங்கள் கதவை மட்டும் விட்டுவிட்டீர்கள். உங்கள் வீட்டுக் கதவிலும் எழுதியிருந்தீர்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அந்தக் காட்டேரி பொய் என்று ஊரில் நிச்சயமாகத் தெரிந்த ஆள் நீங்கள்.

ஓடி வந்து உங்களிடம் கெஞ்சினேன். அக்காவையும் குழந்தையையும் அழைத்துப்போக மறுநாள் மாமியார் வீட்டிலிருந்து வருகிறார்கள், அதற்குள் எல்லாம் கற்பனை என்று தெருவில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றேன்.

"ஊரே பயந்து கெடக்குது. இப்பப் போயிச் சொன்னா என்னத்தான் அடிப்பாங்க. நாளைக்கு வாம்மா, பேசிக்கலாம்" என்றீர்கள்.

காட்டேரிக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லி அனுப்பினீர்கள்.

மறுநாள் பாலக்கோட்டு பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் தெருமுனையிலிருந்தே கதவுகளைப் படித்துக்கொண்டு வந்தார்கள். அக்காவின் மாமியார் எங்கள் வாசலில் நின்றபடி, எதிரில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்த உங்களைக் கேட்டார்.

"எழுதுனவரு நீங்கதானேங்க? இந்த வூட்டுல மட்டும் ஏன் எழுதல?"

நீங்கள் தலையைத் தூக்கவில்லை. டர்பன்டைன் டப்பாவுக்குள் பிரஷைச் சுழற்றிக்கொண்டே இருந்தீர்கள். அவர்கள் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா ரவிக்கை நனைய வாசலில் நின்றாள். ரத்தம் குடிக்கிறவள் என்று நீங்கள் எழுதிய பெண்ணுக்கு அன்று பால் நிற்கவே இல்லை.

ஈறு ஒன்றும் பெரிய நோயில்லை; ஆஸ்பத்திரி மாத்திரையில் சரியாகிவிட்டது. பிள்ளைதான் திரும்பி வரவில்லை. அவன் கல்யாணத்தைக்கூட யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டோம். நீங்கள் எதிர் வீட்டில்தான் இருந்தீர்கள். கதைகளும் எழுதிக்கொண்டுதான் இருந்தீர்கள். நான் ஒன்றையும் தொடவில்லை.

நீங்கள் போய்விட்டதை அக்காவிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அன்னைக்கு அவரு வூட்டுக்கு வந்தப்ப எம் பையனத் தூக்கி மடியில வெச்சிக்கிட்டாரே, ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது. அதற்கு முந்திய நிமிஷமும் ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் சுமப்பது அதைத்தான். கூப்பிடாமல் வாசப்படி தாண்டாது என்று சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். வாசலில் தயங்கி நின்ற உங்களிடம், "உள்ள வாங்கண்ணா" என்று கூப்பிட்டவள் நான்.