வாத்துகள் உள்பக்கம்

இல்லைங்க அக்கா, போடவில்லை. ஒரு நாள்கூட.

நீங்கள் கேட்கவில்லைதான். கடைசிவரை கேட்கவே இல்லை. கேட்க மறந்துவிட்டீர்கள் என்று இரண்டரை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். மறதி இல்லை என்று இன்று காலைதான் தெரிந்தது.

அடுத்த வாரம் நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள். சாம்பிள் ரூம் பீரோவை ஒழித்துவைக்கச் சொன்னார் அப்பா. ஒன்பது மணிக்கு வழக்கம்போல கரண்ட் போனது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கீழ்த்தட்டின் மூலையிலிருந்து ஒரு பாலிபேக்கை எடுத்தேன். பிரித்ததும் மெஷின் எண்ணெய் வாசனை, துவைக்காத புதுத்துணியின் வாசனை. உங்கள் மேசை வாசனை. உள்ளே வெள்ளை நிறத்தில் முழுக்கை பனியன். உயரமான கழுத்து. என் அளவு.

இடது பக்கம், கீழ் ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு நூல் தொங்கியது. வெட்டாமல்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

*

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். அப்போதுதான் தெரியாததைச் சொல்ல முடியும்.

எம்.ஏ. முடித்து அப்பாவின் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்த வருடம். பையர் அனுப்பும் படத்தைப் பார்த்து முதல் பீஸைத் தைப்பவர் நீங்கள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்து ஊர். வேலம்பாளையத்தில் அண்ணன் குடும்பத்தோடு லைன் வீடு. அப்பா பக்கத்தில் இருந்தால் என்னை வாங்க, போங்க என்பீர்கள். அவருடைய கார் கேட்டைத் தாண்டியதும் 'ஏட்டி' ஆகிவிடுவேன். நான் இரண்டு நேரமும் 'ங்க'தான். இந்த மடலிலும் அதை மாற்ற வரவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் மேசைமேல் உட்கார்ந்து கவிதைப் புத்தகம் படிப்பேன். ஒருநாள் அதை வாங்கிப் புரட்டினீர்கள். பக்கத்துக்கு நான்கு வரி, ஐந்து வரி.

"இம்புட்டு வெள்ளையா விட்டுருக்கானே. துணியில இப்பிடி வேஸ்ட் விட்டா ஒங்கப்பா சும்மா விடுவாரா?"

அதற்குப் பிறகு எந்தக் கவிதையைப் படித்தாலும் ஓரத்து வெள்ளைதான் முதலில் கண்ணில் படுகிறது.

*

ஒரு கிறிஸ்துமஸ் காலையில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அண்ணன் பிள்ளைகள் மூன்று பேரும் நீங்கள் தைத்த புதுத்துணியில் வரிசையாக நின்றார்கள், இடது கையைத் தூக்கிக்கொண்டு. மூவர் இடுப்பிலும் ஒரு நூல் தொங்கியது. ஓவர்லாக் தையல் முடியும் இடத்தில் வால்போல மிஞ்சுமே, அந்த நூல். ஒரே ஒரு கத்தரிக்கோல். யார் முதலில் வெட்டுவது என்று சண்டை. சின்னவள் வெட்டும்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நீங்களே ஏன் வெட்டிவிடவில்லை என்று கேட்டேன்.

"கம்பெனி பீஸுன்னா ட்ரிம்மிங் பிள்ளைவளே நூல வெட்டிருவாவ. இத போடுதவதான் வெட்டணும். அப்பதான்ட்டி அது அவ துணி."

ஊர்ப் பழக்கமா என்றேன். இல்லை, என் பழக்கம் என்றீர்கள்.

*

பிறகு மலை.

உத்தரகாசியில் இரண்டு கோடை மலையேறும் பயிற்சி முடித்திருந்தேன். நேபாளத்து மனாஸ்லு சிகரத்துக்கு ஒரு வழிகாட்டி ஆட்களைச் சேர்த்து அழைத்துப் போகிறார் என்று தெரிந்ததும் அப்பாவிடம் கேட்டேன். எட்டாயிரம் மீட்டருக்கு மேல். கல்யாண நகைக்கு ஒதுக்கியதை அதற்குத் தரச் சொன்னேன். அவர் நான்காம் நாள் சொன்னார். "அந்த நகையக் கழுத்துல போட்டுப் பாக்கோணும்னு உங்கம்மாளுக்கு ஆச கண்ணு. நீ அதையக் கொண்டு போய் மலை மேல வெக்கறேங்கறே." ஆனால் தந்தார்.

ஏன் போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் அதைக் கேட்கவில்லை.

"அம்புட்டு ஒசரத்துல ஒண்ணுக்கு வந்தா என்னட்டி செய்வ?"

வாய் அகன்ற பாட்டில் ஒன்று, கூடாரத்துக்குள்ளேயே என்றேன். இரண்டு நாள் சிரித்தீர்கள். மூன்றாம் நாள் என் பழைய சுடிதாரை வாங்கி அளவு எடுத்தீர்கள். வேலை முடிந்து மூன்று மாலை இருந்து அந்தப் பனியனைத் தைத்தீர்கள். குழந்தை உடுப்பு ஆர்டரில் மிஞ்சிய இன்டர்லாக் துணி. கம்பெனியில் அதைவிட மிருதுவானது எதுவும் இல்லை. அதில் மஞ்சள் வாத்துகள் அச்சடித்திருந்தது. வாத்துகளை உள்பக்கம் திருப்பித் தைத்தீர்கள். குனிந்தாலும் உட்கார்ந்தாலும் முதுகில் காற்றுப் போகாதபடி தொடை வரைக்கும் நீளம் வைத்தீர்கள்.

"வாத்து உள்ள கெடக்கட்டும். வெளிய யாருக்கும் தெரியாது. ஒனக்குக் குளிராது."

பயிற்சியிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: பருத்தி கூடாது. வழிகாட்டி அனுப்பிய பட்டியலிலும் முதல் வரி அதுதான். வியர்வையைக் குடித்துவைத்துக்கொள்ளும். அந்த உயரத்தில் காயாது. ஈரத்தோடு நின்றால் உடம்புச் சூட்டை உறிஞ்சி ஆளையே முடித்துவிடும். பாலியெஸ்டர் உள்ளாடைகளைக் காட்மாண்டுவில் வாங்கிக்கொள்வதாக இருந்தேன். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் உங்கள் முன்னால் நின்றேன்.

"குளிருக்கு இது போதுமாட்டி?"

"போதுங்க்கா."

முதல் பொய் அதுதான். திருப்பூரில் பிறந்தவள், பருத்தி ஆகாது என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அன்பு என்று அப்போது அதற்குப் பெயர் வைத்தேன்.

*

இனி உங்களுக்குத் தெரியாதது.

அடிவார முகாமில் இரண்டாம் நாள், எங்கள் எட்டுப் பேருடைய சாமான்களையும் தார்ப்பாயில் பரப்பிச் சோதித்தார்கள். வழிகாட்டி நியூசிலாந்துக்காரர். உங்கள் பனியனை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார். நம் பையர்கள் செய்வதுபோலவே. பருத்தியா என்றார். நூறு சதம் காம்ப்டு காட்டன் என்றேன். வாய் தானாகச் சொன்னது, அதுவும் பெருமையோடு. மூன்று வருடமாகப் பையர்களிடம் சொல்லிப் பழகிய வாக்கியம். அவர் பனியனை உள்வெளியாகத் திருப்பினார்.

வாத்துகள் வெளியே வந்தன.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. குளிரில் முகம் வெடித்த மனிதர்களுக்கு வாத்துகளைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான். ஜெர்மன்காரி ஒருத்தி யார் தைத்தது என்று கேட்டாள். என்னோடு ஒரே கூடாரத்தில் இருந்தவள்.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு பெண் என்றேன்.

ஒரு பெண். அப்படித்தான் சொன்னேன் அக்கா. சொல்லிவிட்டு நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

மேலே கொண்டுபோகக் கூடாது, கீழேயே இருக்கட்டும் என்றார் வழிகாட்டி. இங்கே தூங்கும்போது வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. அந்த முகாமில்தான் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் இருந்தேன். ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. பனியனை என் சாமான்கள் இருந்த நீல டிரம்மின் அடியில் போட்டு, மேலே காலுறைகளை அடுக்கினேன். கூடாரத்தில் அந்த ஜெர்மன்காரி வாத்துகளை இன்னொரு முறை பார்த்துவிடுவாளே என்று.

பனியைப் பஞ்சோடு ஒப்பிட்டு ஏதாவது எழுத வேண்டும் என்று போகும்போது நினைத்திருந்தேன். ஒப்பிட முடியவில்லை. மூன்றாம் முகாமில் இருமல் பிடித்தது. மூச்சு இழுத்தால் நெஞ்சுக்குள் சளி கரகரத்தது. வழிகாட்டி என் முதுகில் காதை வைத்துக் கேட்டார். ஒரு ஷெர்பாவோடு என்னைக் கயிற்றில் கட்டிக் கீழே அனுப்பினார். முடிவெடுக்க அவருக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். மேலே நான் பார்த்தது அதுவரைதான்.

*

திரும்பி வந்தபோது கம்பெனி கேட்டில் ஃப்ளெக்ஸ் இல்லை. 'சிகரம் தொட்ட எங்கள் வீட்டுச் செல்வமே, வருக' என்று அப்பா முன்கூட்டியே அடித்துவைத்திருந்தார். என் முகம் தரையைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்து, கட்டிங் வேஸ்ட் மூட்டைகளின்மேல் மழைக்குப் போர்த்தியிருந்தார்கள். நீங்கள்தான் காட்டினீர்கள். நீ ஏறாட்டாலும் மூட்டை நனையல என்றீர்கள். ஊர் வந்தபின் நான் சிரித்தது அப்போதுதான்.

சாம்பிள் ரூமில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். சிகரம் இல்லை. புகைப்படம்கூடச் சரியாக இல்லை. அவர்களுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. செக்கிங்கிலிருந்து வந்த சேவூர்க்கார அம்மா கேட்டார்கள். "ஏனுங்க, அக்கா தெச்ச பனியன் குளுருக்குத் தாங்குச்சுங்களா?"

"தாங்குச்சுங்க. கடேசி வரைக்கும் அதையேதான் போட்டிருந்தேன்."

சொன்னது மட்டுமில்லை. பையிலிருந்து எடுத்து உங்கள் கையிலேயே கொடுத்தேன்.

நீங்கள் அதை உள்வெளியாகத் திருப்பினீர்கள். எந்தப் பீஸைக் கொடுத்தாலும் உங்கள் கை முதலில் செய்கிற வேலை. கழுத்தைப் பார்த்தீர்கள். அக்குளைப் பார்த்தீர்கள். கீழ் ஓரத்துக்கு வந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு ஓரத்தைச் சேர்த்து உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டீர்கள்.

"பாத்தியளா, கழுத்து கொஞ்சங்கூட லூசாவல."

எல்லோர் முன்னாலும் உடனே மடித்தீர்கள். பாலிபேக்கில் போட்டு ஒட்டினீர்கள். "இது இனி சீல் சாம்பிளு. யாரும் தொடப்புடாது." பையர் ஒப்புக்கொண்ட பீஸைத்தான் அப்படி வைப்போம், பின்னால் வருவதையெல்லாம் அதோடு ஒப்பிட. பீரோவின் கீழ்த்தட்டில், மூலையில் வைத்தீர்கள். எனக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

போன டிசம்பரில் ஊருக்குப் போனீர்கள். மூளைக்காய்ச்சல் என்று ஜனவரியில் போன் வந்தது. நான் வந்து சேரும்போது பெட்டியை மூடியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் அண்ணனிடம் பனியனைப் பற்றிச் சொன்னேன், இமயமலையில் போட்டிருந்தேன் என்று. அங்கேயும் அதே பொய். "அப்பிடியா? அவ சொல்லவே இல்லியே" என்றார்.

யாருக்காவது பல் விழுந்தால்கூட லைன் முழுக்கச் சொல்கிறவர் நீங்கள். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. தன்னடக்கம் என்று நினைத்தேன்.

*

நூல் அப்படியே இருந்தது. போட்டிருந்தால் வெட்டியிருப்பேன். உங்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும், கொடுத்த அன்று நினைவில் வரவில்லை.

அப்படியென்றால் அன்று அந்த ஏழெட்டுப் பேர் நடுவில் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றவர் நீங்கள் ஒருவர்தான். என் பொய்யை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டு. பிறகு இரண்டு வருடம் என்னோடு சாப்பிட்டீர்கள். நெத்திலிக் கருவாட்டைப் பங்கு வைத்தீர்கள். 'ஏட்டி' ஒரு நாளும் 'வாங்க' ஆகவில்லை. ஒருவேளை ஆகியிருந்தால் நான் அன்றே கேட்டிருப்பேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாமலே போயிற்று. குளிர் தாங்காததால் நான் போடவில்லை என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் தையலில் குறை தேடியிருப்பீர்கள். எத்தனை மாலை தேடினீர்கள் என்று தெரியவில்லை. தையலில் குறை இல்லைங்க அக்கா. வாத்துகளுக்காக வெட்கப்பட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

யாருடைய வேலையைக் கையில் வாங்கினாலும் இனி உள்வெளியாகத் திருப்பிப் பார்ப்பேன். பார்த்ததைப் பத்துப் பேர் நடுவில் சொல்ல மாட்டேன். உங்களிடமிருந்து என்னிடம் தங்கியது அது.

*

உங்கள் மேசை டிராயரில் நூல் வெட்டும் ட்ரிம்மர் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு நூலை வெட்டினேன். பனியனைப் போட்டு, மேலே சுடிதாரைப் போட்டேன். ஏப்ரல் வெயில். கரண்ட் வந்தது. வெளியே வந்தபோது சேவூர்க்கார அம்மா என் கழுத்தையும் கையையும் பார்த்தார்கள்.

"ஏனுங்க, இந்த வேக்காட்டுல முழுக்கை? காய்ச்சலுங்களா?"

"இல்லீங்க. எங்கக்கா தெச்சது."

மதியத்துக்குள் முதுகு முழுக்க நனைந்துவிட்டது. வழிகாட்டி சொன்னது சரிதான், காயவில்லை. கழற்றாமலே பீரோவின் மீதி மூன்று தட்டுகளையும் ஒழித்துவைத்தேன்.