மறுபடியும் போ என்று சொல்லாத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை லண்டனில், பார்க்கிங் என்ற இந்த ஊரின் ஸ்டேஷன் பாலத்து ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது கிளச் கருகும் வாசனை மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தேன். ஓட்டப் பழகுகிறவர் என்று கூரையில் எல் போட்ட சின்னக் கார் ஒன்று சிக்னலில் மூன்றாவது முறையாக அணைந்து நின்றது. பின்னால் ஒரு பஸ், இரண்டு வேன், எல்லாருடைய ஹோர்ன்களும் ஒன்றாக அலறின. உள்ளே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி ஓர் அம்மா. நான் நடைபாதையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். எதிரே வந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விலகிப் போனார். மற்றவர்களுக்கு ஊதுபத்தியும் மல்லிகையும் செத்தவர்களை நினைவுபடுத்தும். எனக்கு வாய்த்தது கருகின கிளச். நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்த நாற்றம் வந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அந்த ஜூலை மாதம் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு என்னை ஏற்ற நீங்கள் வந்ததும், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க வைத்திருந்த, அதே மாதிரி எல் போட்ட காரில்தான். உங்கள் வீடிருந்த குட்மேய்ஸ் வரும்வரை ஒருவரும் நம் அருகே வரவில்லை. "பாத்தியே தம்பி, ராணிக்குக்கூட இப்பிடி வழி விடமாட்டாங்கள்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வயது பத்தொன்பது. சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவையில் இருந்தேன். அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வாகி, ஐந்தாம் மாதத்தில் வெளியே அனுப்பப்பட்டிருந்தேன். அப்பா ஒரு வாரம் என் முகம் பார்க்கவில்லை. அம்மா சொந்தக்காரர் எல்லாரிடமும் எனக்கு முதுகுவலி என்று சொல்லி வைத்திருந்தார். முகாமில் இரண்டு வழி தந்திருந்தார்கள். அடுத்த அணியோடு முதல் நாளிலிருந்து பயிற்சியை மறுபடி தொடங்கலாம். அல்லது சார்ஜண்டாக ஒரு படைப்பிரிவுக்குப் போய், மிச்சக் காலத்தை அமைதியாகக் கழிக்கலாம். பதிலை வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். லீவு கிடைத்ததும், "பெரியம்மாட மகளிட்டப் போய் இருந்து யோசி" என்று அம்மா விமானம் ஏற்றிவிட்டார். நீங்கள் எல்லாரையும் திரும்பத் திரும்பப் பரீட்சைக்கு அனுப்புகிறவர் என்பது அம்மாவுக்குத் தெரியும். என்னையும் அனுப்பிவிடுவீர்கள் என்பது அவருடைய கணக்கு.

ஏன் வெளியே அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்ட இடம் இன்னும் நினைவிருக்கிறது. குட்மேய்ஸ் மீன்கடை வாசலில், காருக்குள். நான் உண்மையைச் சொன்னேன். காட்டில் மூன்று நாள் பயிற்சி. ஏழு பேருக்கு நான் தலைவன். மழை. செய்தி அனுப்பும் வானொலிப் பெட்டி பாரம் என்று நானே தூக்கினேன். ஒருவனுக்குக் கால் வலி என்றதும் அவன் பையையும் தூக்கினேன். குழி தோண்டச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் நானே தோண்டினேன். நம் வீட்டில் விருந்துக்கு வந்தவர் சாப்பிட்ட தட்டைக் கழுவ எடுத்தாலே அம்மா பதறிப்போய்ப் பிடுங்குவார். அப்படி வளர்ந்தவனுக்கு இன்னொருவனை வேலை வாங்க வாய் எங்கே வரும்? அந்த ஏழு பேரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். தாக்குதலுக்குக் கட்டளை கொடுக்க வேண்டிய நேரத்தில் நான் ஒரு மரத்தில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டேன். பயிற்றுநர் என்னைத் தட்டி எழுப்பி, "எல்லா வேலையும் செஞ்ச. உன் வேலைய மட்டும் செய்யல" என்றார்.

நீங்கள் சிரித்த சிரிப்பு! கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்து, வாங்கின மீனை ஐஸோடு மடியில் கவிழ்த்து. "நிண்டு கொண்டோ? நிண்டு கொண்டோ நித்திரை கொண்டனீ?" எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன். வெளியே அனுப்பப்பட்டதற்குப் பிறகு நான் சிரித்தது அப்போதுதான். அதற்காகவே நான் உங்களுக்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டும்.

"அப்ப நான் மறுபடி போகவாக்கா?" என்று கேட்டேன். உங்கள் சிரிப்பு சட்டென்று நின்றது. "வேண்டாம்" என்றீர்கள். "விட்டிட்டாங்கள் தானே. தப்பினன் எண்டு நினைச்சுக்கொண்டு இரு." அதோடு பேச்சு முடிந்தது. வீட்டுக்குப் போய் மீன் வெட்டினீர்கள். நான் திகைத்துப் போனேன். ஏனென்றால் உங்கள் சட்டம் குட்மேய்ஸ் முழுவதற்கும் தெரியும். கார் ஓட்டும் பரீட்சையில் தவறிய ஒருவரையும் நீங்கள் நேரே வீட்டுக்குக் கூட்டிப்போனதில்லை. பரீட்சை நிலையத்துக் கார் பார்க்கிலேயே, அழுகிறவரை அழவிட்டு, போனை எடுக்க வைத்து, அடுத்த தேதியைப் போட்ட பிறகுதான் காரை எடுப்பீர்கள். "வீட்டை போனா மனம் மாறும், சனம் கதைக்கும்" என்பீர்கள். ஊருக்கெல்லாம் அப்படி. எனக்கு மட்டும் வேண்டாம்.

அந்த வாரம் முழுவதும் உங்கள் காரின் பின்சீட்டில் இருந்தேன். கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லாரும் என்னை "சிங்கப்பூர்த் தம்பி" ஆக்கிவிட்டார்கள். அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர், எல்லாரும் ஆன்ரி என்று கூப்பிட்ட ஓர் அம்மா. மூன்று முறை தவறியவர், நான்காவது முறைக்கு நாள் குறித்திருந்தவர். பக்கத்தில் இருந்து நீங்கள் சொல்லிக்கொடுப்பதைவிட உங்கள் காலைத்தான் நான் அதிகம் பார்த்தேன். உங்கள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டல்லவா. ஆன்ரி குப்பை லாரியை உரசப் போவார். உங்கள் வலது கால் அந்தப் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். நடுங்கும். ஆனால் மிதிக்காது. ஆன்ரி தானாகவே திருப்பிவிடுவார். நீங்கள் மூச்சை விட்டுவிட்டு, "நல்லது, அப்பிடியே போங்கோ" என்பீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆன்ரியின் பரீட்சை. நெற்றி நிறைய விபூதி. கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நீங்கள் பார்க்காத நேரத்தில் முன் டயருக்குக் கீழே வைத்துவிட்டார். பரீட்சகர் குனிந்து பார்த்து, இது யாருடைய பழம், எடுக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்டார். நீங்கள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "அது எங்கட சேப்டி செக்" என்று ஆங்கிலத்தில் சொன்னீர்கள். அவரும் தலையாட்டிவிட்டு ஏறினார். பழம் நசுங்க, கார் கம்பீரமாகப் புறப்பட்டது.

முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். தவறிவிட்டது. ரவுண்டபவுட் என்கிற வட்டச் சந்தியில் ஆன்ரி அசையவே இல்லையாம். "அவையள் எல்லாரும் அவசரமாப் போகினம் பிள்ளை. போகட்டும் எண்டு விட்டனான்" என்றார். நீங்கள் தலையில் கை வைத்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். ஏழு பேரின் பாரத்தைத் தூக்கியவனும் ரவுண்டபவுட்டில் எல்லாருக்கும் வழிவிட்டவரும் ஒரே காரில் இருந்தோம். மூன்று பேரும் ஒன்றாகச் சிரிக்கத் தொடங்கினோம். ஆன்ரி அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே ஐந்தாவது முறைக்குத் தேதியைப் போட்டுவிட்டு, கடைக்குப் போகவேண்டும் என்று பஸ் ஏறிப் போய்விட்டார்.

காரில் நாம் இரண்டு பேர் மட்டும். "நீ பதில் போட்டிட்டியோ?" என்று கேட்டீர்கள். "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ளக்கா, நேரம் இருக்கு" என்றேன். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். "சிங்கப்பூர் அஞ்சு மணியெண்டா இஞ்ச காலமை பத்து மணியடா, விசரா!" மணி ஒன்பது பத்து. எனக்கு வியர்த்துவிட்டது.

அப்போதுதான் நான் முதன்முறையாக உங்களோடு சண்டை பிடித்தேன். "எல்லாரையும் மறுபடி போகச் சொல்றீங்க, என்ன மட்டும் ஏன் வேணாங்கறீங்க?"

நீங்கள் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினீர்கள். போருக்குள் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாளின் கதையை நீங்கள் அதற்கு முன் எனக்குச் சொன்னதில்லை. "சந்தியில ஒருத்தர் நிண்டு, இந்தப் பாதையால போங்கோ எண்டு சொன்னவர். நாங்கள் பதினொரு பேர் போனம். ஒன்பது பேர்தான் மற்றப்பக்கம் வந்தம். சொன்னவர் கெட்டவர் இல்லை. ஆனா அவர் எண்ணிப் பாக்கேல்லை. எத்தினை பேர் போய்ச் சேந்தவை எண்டு அவருக்கு இண்டைக்கும் தெரியாது. நீ அதிகாரியா வந்தா உனக்குக் கீழ முப்பது பொடியள். போ எண்டு நீதான் சொல்லோணும். அந்த இடத்தில நீ நிக்கிறதை என்னால பாக்க ஏலாது."

எனக்கும் பயம்தான் அக்கா. மறுபடி தவறினால் அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு அல்ல. என்னால் முடியும் என்று நானே நம்பிப் போய், இரண்டாவது முறையும் மரத்தில் சாய்ந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம். ஆனால் உங்கள் கதையைக் கேட்டதும் என் யோசனை மாறியது. "நான் போகலன்னாலும் அந்த இடத்துல யாரோ ஒருத்தர் நிப்பாங்கக்கா" என்றேன். "அது எண்ணிப் பாக்கற ஆளா இருக்கட்டுமே. அப்புறம் உங்க கால் பிரேக் மேலயே நின்னு மிதிக்காம இருக்குதே, அது எனக்கு வரல. அத நான் கத்துக்கணும். சார்ஜண்டாப் போனா மறுபடியும் எல்லாத்தையும் நானே தூக்கிட்டு இருப்பேன்."

பத்து மணிக்கு இருபது நிமிடம் இருந்தபோது நீங்கள் என் போனை எடுத்து என் மடியில் வைத்தீர்கள். "ஓமெண்டாலும் இல்லையெண்டாலும் இஞ்சயே போடு. போடாமக் காரை எடுக்கமாட்டன்." அதன் பிறகு ஒன்று சொன்னீர்கள். "போனியெண்டா எண்ணு."

போ என்று நீங்கள் சொல்லவே இல்லை. கடைசிவரை சொல்லவில்லை. அதை அம்மாவிடம் நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. போனில், மறுபடி பயிற்சிக்கு வர விருப்பம் என்ற கட்டத்தைத் தொட்டேன். நீங்கள் காரை எடுத்தீர்கள். முதல் சந்தியிலேயே, இருபது வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த நீங்கள், எஞ்சினை அணையவிட்டுவிட்டீர்கள்.

இரண்டாம் முறைக் காட்டுப் பயிற்சியிலும் மழை பெய்தது. இந்த முறை வானொலிப் பெட்டியை இன்னொருவனிடம் கொடுத்தேன். அதைத் திரும்ப வாங்கக் கை அரித்தது. வரைபடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், கை வேறெங்கும் போகாமலிருக்க. "நீ தோண்டு, நீ காவல் இரு" என்று சொன்னேன். ஒருவரும் கோபிக்கவில்லை. அவர்கள் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. தேறிவிட்டேன். அப்பா அந்தச் செய்தியைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பினார். பலர் என் முதுகுவலியை விசாரித்தார்கள்.

எஞ்சியிருந்த ஆறு மாதத்துக்கு எனக்கு முப்பது பேர் கிடைத்தார்கள். ஒவ்வொரு வெளிப்பயிற்சியும் முடிந்து லாரியில் ஏறியதும் உங்களுக்கு ஒரு செய்தி அனுப்புவேன். வெறும் எண். முப்பது. நீங்கள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைப் போடுவீர்கள். ஒரு தடவை இருபத்தொன்பது என்று அனுப்பினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது. பின்னால் ஹோர்ன் சத்தம், யாரோ கற்றுக்கொள்பவரின் அலறல். "அந்த ஒண்டு எங்க?"

"கால் சுளுக்குக்கா. ஆஸ்பத்திரில படுத்து ஐஸ்கிரீம் சாப்பிடறான்."

"அவன்ர பேர் என்ன?" சொன்னேன். மலாய்ப் பெயர். நீங்கள் அதை மூன்று முறை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தீர்கள். அவன் குணமாகி வரும்வரை தினமும் விசாரித்தீர்கள். அவனிடம், லண்டனில் என் அக்கா உன்னைக் கேட்டார் என்றேன். அவன், அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டான். அதைச் சொன்னபோது அத்தானுக்கும் கேட்கும்படி இரண்டு நாள் சிரித்தீர்களாம்.

பிறகு நான் படிக்க இங்கே வந்தேன், கட்டட வேலையில் பொறியியலாளனாகப் பார்க்கிங் ஊரிலேயே தங்கிவிட்டேன். உங்களுக்கு நோய் வந்தது. வார்டுக்கு நான் வேலை முடிந்து பூட்ஸில் சேற்றோடு வருவேன். நர்ஸ் முறைப்பார். நீங்கள் கண்ணைத் திறக்காமலே, "இண்டைக்கு எத்தினை பேர்?" என்பீர்கள். உங்கள் இறுதிச் சடங்கன்று அந்த ஆன்ரி தானே கார் ஓட்டி வந்தார். ஆறாம் முறையில் தேறியவர். மண்டபத்து வாசலில் எல்லாருக்கும் வழிவிட்டு, கடைசியாகத்தான் உள்ளே வந்தார். அழுதுகொண்டிருந்த நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டோம். உங்களுக்கு அது பிடித்திருக்கும்.

எனக்கு நீங்கள் இல்லாதது வலிக்கிறது அக்கா. ஆனால் உங்களை நினைத்தால் வலியைவிடச் சிரிப்புத்தான் முந்திக்கொண்டு வருகிறது. இப்போது நான் வேலைசெய்யும் இடத்தில் பொழுது சாயும் நேரம் வாசலருகே நிற்பேன். ருமேனியாக்காரர், பஞ்சாபிக்காரர், நம் கிளிநொச்சிப் பொடியன் ஒருவன். ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே போவார்கள். புத்தகத்தில் கையெழுத்து இருக்கிறதே, அது போதாதா என்று மேலாளர் கேலி செய்வார். போதும்தான். ஆனாலும் முகத்தைப் பார்த்து எண்ணுவேன்.

இன்று பன்னிரண்டு பேரை உள்ளே அனுப்பினேன். பன்னிரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள், அக்கா.