கியர் பெட்டிக்கு வைத்த பொட்டு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வேறு யாராவது உன்னிடம் வந்து சொல்வதற்குள். நேற்றுக் காலை கோலசிலாங்கூரில், வண்டி விற்ற கடையின் சர்வீஸ் கவுண்டரில், ஐம்பத்து மூன்று வயதில், பத்துப் பேர் பார்க்க, நான் வாயால் கியர் பெட்டியாக நடித்தேன்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண், படிவத்தில் 'குறை என்ன' என்ற கட்டத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். அந்தச் சத்தத்துக்கு மலாயில் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. தமிழிலும் கிடைக்கவில்லை. "க்ர்ர்ர்… டக். க்ர்ர்ர்… டக் டக்" என்றேன், கழுத்தை இடப்பக்கம் திருப்பி, இறக்கத்தில் இறங்குவதுபோல் தோளையும் சாய்த்து. இன்னொரு தடவை செய்ய முடியுமா அங்கிள் என்று அவள் மரியாதையாகக் கேட்டாள். செய்தேன். பின்னால் டயருக்குக் காத்திருந்தவர்கள் போனை எடுத்துவிட்டார்கள். கடைசியில் அவள் அந்தக் கட்டத்தில் 'சத்தம்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதினாள்.

நீ இருந்தவரை இந்த வேலை உன்னுடையது, கூட்டாளி. நீ போய் நின்று இரண்டு வார்த்தை சொன்னால் அவர்கள் தலையாட்டி எழுதிக்கொள்வார்கள். நேற்று நான் நின்ற இடத்தில் கியர் எண்ணெய் வாடை அடித்தது. கெட்டுப்போன முட்டை வாடை, அதாவது உன் சட்டை வாடை. நாலு மாதமாக என் பக்கத்து இருக்கையில் அது இல்லை. படிவத்தில் கையெழுத்தைத் தப்பான கட்டத்தில் போட்டேன். நடிப்பில் வந்த களைப்பு என்று வைத்துக்கொள்.

வண்டி வாங்கிய நாளிலிருந்தே எனக்குப் பயம்தான், உனக்குத் தெரியும். இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி. பின்னால் செம்பனைக் குலை கொட்டும் தொட்டி. தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். லோரி போக முடியாத சேற்றிலும், பாரிட் என்று நாம் சொல்லும் வடிகால் கரையிலும் போகும். தோட்டத்தில் எல்லாருக்கும் அது பகி. புக்கிட் ரோத்தான் பக்கம் ஒன்பது சின்னச் செம்பனைத் தோட்டங்களின் பழத்தை ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் குத்தகை என்னுடையது. வெட்டிய குலை ஒரு நாள் அதிகம் கிடந்தாலும் ஆலையில் முகம் சுளிப்பார்கள். பகி நின்றால் குத்தகை போகும். அதை எடுத்துக்கொள்ளத் தஞ்சோங் காராங்கில் ஒருவன் புது டிராக்டரைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு மச்சான் முறை.

அதனால் முதல் மாதம் பெல்ட் கீச்சிட்டபோதே உன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். அடுத்து பின்சக்கரப் பக்கம் ஓர் ஊளை, அதற்கும் வந்தேன். போன் அடித்தால் நீ எடுக்கமாட்டாய். செம்பனை ஆலையின் எஞ்சின் அறையில் இருபத்தேழு வருசம் இருந்தவன், வேலையை விட்ட பிறகாவது மணிச் சத்தம் இல்லாமல் இருக்க ஆசைப்படுகிறாய் என்று நான் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

உன் வைத்தியம் விநோதமானது. என்னை ஓட்டச் சொல்வாய். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலை அடித்தட்டில் ஊன்றிக்கொள்வாய். ஒரு கை, இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருக்கும் தகர மேட்டில். ரோட்டைப் பார்க்கமாட்டாய், என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவாய். "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று நான் கத்துவேன். பதில் வராது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அது கடைசி மூச்சு விட்ட பிறகுதான் வாயைத் திறப்பாய். பெரிய டாக்டர்களிடம்கூட நான் அந்தப் பந்தாவைப் பார்த்ததில்லை.

"சத்தத்தைக் காதால கேக்காத லா" என்பாய். "காது சும்மா பயமுறுத்தும். கையில வாங்கு."

பெல்ட் ஈரம், காய்ந்தால் சரியாகும் என்றாய். சரியானது. பின்சக்கர ஊளை புது டயர் என்றாய். அதுவும் சரியானது. எனக்கு அதைவிடப் பெரிய லாபம் ஒன்று இருந்தது. பகி ஓடும் நேரமெல்லாம் நான் பேசுவேன், நீ இடைமறிக்கவே மாட்டாய். கோயில் தலைவர் தேர்தலுக்கு முந்தின நாள் மீசைக்கு மட்டும் சாயம் பூசியது, சுங்கை பெசாரில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் இரண்டு வீட்டுக்கும் ஒரே பொய்யைச் சொல்லி மாட்டியது, என் மனைவி என்னைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் சொன்னது, நான் அவளைப் பற்றிச் சொல்ல நினைத்து விழுங்கியது. எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை வெளியே போனதில்லை. கோலசிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம்வரை உன்னைப்போல் காது கொடுத்துக் கேட்கிறவன் கிடையாது என்று உன்னிடமே சொன்னேன். அப்போதும் நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய்.

பிறகு அந்த ஆயுத பூஜை. மரக்கட்டைமேல் பகியை ஏற்றி, அடித் தகட்டைக் கழற்றி, தண்ணீர் பாய்ச்சிக் கழுவினேன். வெளியே மட்டும் பொட்டு வைத்தால் உள்ளே உழைக்கிறவை கோபித்துக்கொள்ளுமே என்று சந்தனக் கிண்ணத்தோடு மல்லாந்து படுத்து அடியில் ஊர்ந்து போனேன். எஞ்சினுக்கு ஒன்று, பின் கியர் பெட்டிக்கு ஒன்று. முன் கியர் பெட்டியின்மேல் சுண்டுவிரல் அளவு குழாய் ஒன்று மூக்குபோல் நீட்டிக்கொண்டிருந்தது. பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் செய்து அனுப்பியதுபோல் இருந்தது. கட்டைவிரல் நிறையச் சந்தனத்தை எடுத்து அதன் வாயில் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நீ வந்தாய், குனிந்தாய், அப்படியே நின்றாய்.

"டேய், இது கியர் பெட்டி மூச்சு விடற ஓட்டை லா. பொட்டு வெக்கறேன்னு மூக்க அடைச்சி வெச்சிருக்க."

அதற்குள் நான் பழத்தோடு மூன்று தடவை பாரிட் தண்ணீரில் இறங்கி ஏறியிருந்தேன். சூடான பெட்டி தண்ணீரில் குளிரும்போது மூச்சை உள்ளே இழுக்கும், மூக்கு அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்று நீ விளக்கினாய். விளக்காமல் இருந்திருக்கலாம். ஈர்க்குச்சியை ஒடித்து அந்த ஓட்டையைச் சுத்தமாகக் குடைந்து கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாய். எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அந்தச் சத்தம் வந்தது. நான்கு சக்கர இழுவையில், பாரமேற்றி, பாரிட் கரையில் இறங்கும்போது, அதுவும் இடப்பக்கம் திருப்பினால் மட்டும். வாரண்டிப் புத்தகத்தை முதல் தடவையாகப் படித்தேன். வாங்கியவர் தவறால் உள்ளே அந்நியப் பொருள் போய் வந்த பழுதுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று இருந்தது. சந்தனம் என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் சந்தனத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உன்னை ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனேன். மூன்று தடவை இறங்கினோம். மூன்று தடவையும் அது 'டக்' என்றது, மூன்று தடவையும் நான் செத்தேன், நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கீழே சமதளத்தில் எஞ்சினை அணைத்தேன்.

"பேரிங். உன் பொட்டு இல்ல. தண்ணி போயிருந்தா கையில மொறமொறன்னு வரும். இது ஒரு எடத்துல மட்டும் ஒதைக்குது. போயி வாரண்டில போடு."

"பொட்டு வெச்சத கண்டுபிடிச்சா?"

"நீயே சொல்லிடு லா. அவன் தொறக்கறதுக்கு முன்னால சொல்லிடு."

நீயும் கூட வந்தால் போகிறேன் என்றேன். வருகிறேன் என்றாய். அடுத்த வாரம் என்றேன் நான். அதற்கடுத்த வாரம் என்றதும் நான்தான். நீ எப்போது கூப்பிட்டாலும் வந்திருப்பாய். ஒரு புதன்கிழமை காலை உன் தேநீர் பாதிக் கோப்பையில் நின்றுபோனது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே நீ இல்லை.

உன் வீட்டுக்குப் பந்தல் நாற்காலிகளைப் பகியில்தான் கொண்டுவந்தேன். முந்தின நாள் மழை, மண்ணெல்லாம் சேறு, நான்கு சக்கர இழுவையைப் போட வேண்டியிருந்தது. உன் வீட்டு வளைவின் இறக்கத்தில் இடப்பக்கம் திரும்பினேன். 'டக்' என்றது. பந்தல் போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நான்கு சக்கர இழுவையை நான் தொடவே இல்லை. இரண்டு சக்கர இழுவையிலேயே ஊரைச் சுற்றிக்கொண்டு பழம் ஏற்றினேன். இரண்டு நடைக்கு எடுக்கிற நேரம் ஒரு நடைக்கே ஆனது. ஒரு தோட்டக்காரர், வண்டிக்கு வயசாகிவிட்டதா என்று கேட்டார். தஞ்சோங் காராங் மச்சான் அந்தப் பக்கம் இரண்டு தடவை வந்துபோனதாகத் தகவல். தேதியைப் பார்க்காமல் இருக்க வாரண்டிப் புத்தகத்தை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். என் மனைவி அதை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆறு நாள் மீதி இருந்தது.

அப்படித்தான் நேற்று அந்தக் கவுண்டருக்கு வந்து சேர்ந்தேன். தலைமை மெக்கானிக் ஒரு சீனர், நம் வயது. பகியில் ஏறி, கடையின் சிமெண்டுத் தரையில் இரண்டு சுற்று ஓட்டச் சொன்னார். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளைபோல் அது வாயே திறக்கவில்லை. அவர் இறங்கி, குறை எதுவும் இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தார். அந்தப் பேனா தாளைத் தொட்டால் முடிந்தது. ஆறு நாளில் இன்னொரு தடவை என்னால் தைரியம் சேர்க்க முடியாது.

பத்து நிமிடம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். தொட்டியில் அவர்களுடைய பழைய டயர்களையே பாரமாக ஏற்றி, கடைக்குப் பின்னால் இருக்கும் பாரிட் கரைக்கு அவரை அழைத்துப் போனேன். செருப்பைக் கழற்றுங்கள் என்றபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருடைய கையைப் பிடித்துத் தகர மேட்டின்மேல் வைத்தேன். யோசித்துப் பார், முன்பின் தெரியாத சீனர் கையை நான் பிடித்துக்கொண்டு, பட்டப்பகலில். நான்கு சக்கர இழுவையைப் போட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பகியை அதன் போக்கில் இறங்கவிட்டு, இடப்பக்கம் திருப்பினேன். எனக்குக் கேட்பதற்கு முன்னால் அவர் கை துள்ளியது.

 கடைக்குத் திரும்பி, வண்டியைத் தூக்கும் மேடையில் ஏற்றி, அவர் ஸ்பேனரை எடுத்தபோது நான் சொல்லிவிட்டேன். பூஜை, சந்தனம், மூக்கு, குங்குமம், மூன்று தடவை தண்ணீர், ஒன்று விடாமல். என் மலாயில் அது திருமணச் சடங்குபோல் கேட்டிருக்கும். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மற்ற மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அன்றைய தினம் இரண்டாவது முறையாக நடித்தேன். என் குத்தகை எண்ணெய் இறக்கும் அடைப்பு ஆணியின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்ணெய் தேன் நிறத்தில் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பேரிங்கின் கூட்டில் ஒரே ஓர் இடத்தில் விரிசல். செய்யும்போதே வந்த குறை என்றார். வாரண்டியில் எழுதிக்கொண்டார்கள். உள்ளே போடும் சாமான் வரப் பத்து நாள் ஆகும், அதுவரை ஓட்டக் கடையின் பழைய பகி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியின் மேல்புறத்தில் ஒரு தட்டையான இடத்தைக் காட்டி, அடுத்த வருசம் பொட்டை இங்கே வை என்றார் மெக்கானிக். பிறகு, கையால் பார்க்க யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். என் கூட்டாளி என்றேன். நல்ல காது அவருக்கு என்றார்.

இதை உன் வீட்டில் சொல்லாமல் இருக்க முடியுமா? மாலையில் நேராக அங்கேதான் போனேன். மூன்றாவது முறையாக எல்லாவற்றையும் நடித்துக் காட்டினேன். உன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பார்த்தேன். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்தார்.

"அண்ணே, நீங்கதான் வாரண்டி விசயமெல்லாம் தெரிஞ்சவரு. இத கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா?"

"என்னாமா இது?"

"அவரு காது மெஷின், போறதுக்கு முந்தின வாரந்தான் வாங்குனாரு. ஆலையில போன காதுண்ணே. எதிர்ல உக்காந்து பேசுனா வாயப் பாத்துப் புரிஞ்சிக்குவாரு. வண்டி எஞ்சின் ஓடுனா சுத்தமா ஒண்ணும் கேக்காது, பத்து வருசமா. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்ல நினைத்திருப்பாய். நான் எங்கே இடம் கொடுத்தேன்?

இன்று காலை அந்தப் பழைய பகியில் தனியாகப் பழம் ஏற்றப் போனேன். ஏதோ ஓர் ஊளை வந்தது.  செருப்பைக் கழற்றிவிட்டு, கையைத் தகர மேட்டில் வைத்தேன். இனி என் வண்டி வந்தாலும் அந்தக் கை அங்கேதான் இருக்கும். வாய் வழக்கம்போல் பேசிக்கொண்டே வந்தது.

உன் காது மெஷின் பெட்டி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. உறை பிரிக்கப்படவே இல்லை. வாரண்டி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.